உறவுக் கழிவு 10%

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

முந்தாநாள் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. கருவிப் பைக்குக் கிடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

போனில் சொல்லலாம். நீங்கள் "ஆ? ஆ?" என்பீர்கள். நான் கத்துவேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அதனால் கடிதம்.

குளியலறைச் சிமெண்ட் இன்னும் இரண்டு நாள் காயட்டும். தரைச் சல்லடையை யாரும் கழற்ற வேண்டாம். தண்ணீர் இனித் தேங்காது. உங்கள் வீட்டு அக்கா இனி வழுக்கி விழும் பயமில்லாமல் நடக்கலாம். அவர்களுடைய கை மாவுக்கட்டைப் பிரிக்கும்வரை உங்கள் தங்கை அங்கேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டம் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டபடி பில் வைத்திருக்கிறேன். உங்கள் தங்கை சொல்லிக்கொடுத்த முறைப்படி எண், தேதி, வேலை, சாமான், மொத்தம், கெடு எல்லாம் போட்டிருக்கிறேன். எதையும் விட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை

பில் எண் 0047
குளியலறைத் தரைக் குழாய் அடைப்பு எடுத்தது: 1200
உடைந்த எல்போ வளைவு மாற்றியது, சாமான் சேர்த்து: 860
கை கழுவும் தொட்டிக் குழாய்க்கு வாஷர்: 100
இதர: 340
மொத்தம்: 2500
உறவுக் கழிவு 10%: 250
செலுத்த வேண்டியது: 2250
பதினைந்து நாளுக்குள் செலுத்தவும்.
தங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வருக.


மார்ச் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பில் கிடைத்தது. நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

முதலில் தாள். அது என் அச்சகத்துத் தாள். நீங்கள் தனியாகத் தொழில் தொடங்கியபோது பத்து பில் புத்தகம் அச்சடித்து, காசு வாங்காமல், நானே கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வெள்ளை, ரோஸ், மஞ்சள். இருபத்தெட்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பில் புத்தகம் அடித்துக் கொடுக்கிறேன். நான் அடித்த பில் எனக்கே திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. வெள்ளை இதழ். நம்பர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அது என் பிழை. மற்றதெல்லாம் உங்களுடையது.

அடுத்தது மொழி. "உறவுக் கழிவு." மாப்பிள்ளை, கழிவு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. துணிக்கடைக்காரர் எழுதினால் ஒன்று. குழாய்க்காரர் எழுதினால் இன்னொன்று. நீங்கள் துணிக்கடை வைத்திருக்கவில்லை. என் குளியலறையில் மூன்று நாள் குப்புறப் படுத்துக் கிடந்துவிட்டு, ஊருக்குப் போய் உறவுக் கழிவு என்று எழுதினால் நான் அதை எந்தக் கழிவு என்று எடுத்துக்கொள்வது?

சரி, நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்வோம். பத்து சதவீதம். என் தங்கையை உங்களுக்குக் கட்டிக் கொடுத்தவன் நான். அதற்குப் பத்து. எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் முகம் தெரியாதவனுக்கே பன்னிரண்டு கொடுக்கிறார்.

அப்புறம் "மீண்டும் வருக." வந்தது நீங்கள். இருந்தது என் வீடு.

என் தங்கை பில்லைப் படித்துவிட்டு என் காதருகே வந்து கத்தினாள்: "அண்ணனுக்கே பில்லா? அந்த மனுஷன் கூப்பிட்டா நான் குளிக்கிறேன்னு சொல்லிடுங்க!" நீங்கள் ஒரு நாளைக்கு நான்கு தடவை கூப்பிடுகிறீர்கள். அந்தக் கணக்குப்படி அவள் நான்கு தடவை குளிக்கிறாள்.

கடைசியாக, தொழில்முறையில் ஒரு கேள்வி. நான்காவது வரி. "இதர: 340." ஒரு நல்ல பில் என்றால் கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்துகொள்ள வேண்டும். இதர என்பது வேலையா? சாமானா?

மச்சான்


மார்ச் 13

மச்சானுக்கு,

உங்கள் வீட்டு வாசலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள்: "எவ்வளவு ஆச்சு, சொல்லுங்க மாப்பிள்ளை."

நான்: "நமக்குள்ள என்ன மச்சான்? பில்லெல்லாம் வேணாம்."

நீங்கள்: "வேணும்தான். தொழில்னு வந்துட்டா பில் வேணும்."

நான்: "வேணாங்கிறேன் மச்சான்!"

நீங்கள்: "அதான் வேணும்ங்கிறேனே. ஊருக்குப் போய் மெதுவா போட்டு அனுப்புங்க."

பஸ் ஹார்ன் அடித்தது. ஏறிவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். ஒருவேளை நீங்கள் சரியாகக் கேட்டுத்தான் சொன்னீர்களோ என்று.

இன்னொன்று. போன வருஷம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் முப்பத்தொரு வேலை செய்தேன். எவ்வளவு என்று கேட்பார்கள். "நீங்களே பாத்துக் குடுங்க" என்பேன். பார்த்தார்கள். அப்போதுதான் உங்கள் தங்கை பில் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "பாத்துக் குடுங்கன்னு சொன்னா பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க. நம்பரை எழுதுங்க. யாரா இருந்தாலும் பில்லு. சொந்தக்காரனா இருந்தா கட்டாயம் பில்லு." அண்ணனைத் தவிர என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் மேல் தப்பு என்றால் அது இதுதான்.

கழிவு பற்றி. தள்ளுபடி என்றுதான் எழுத நினைத்தேன். கட்டத்தில் அடங்கவில்லை. நீங்கள் அடித்த கட்டம் சின்னது.

"மீண்டும் வருக" பற்றியும் நானே எழுத இருந்தேன். அடைப்பு எடுத்துவிட்டு அந்த பில்லைக் கொடுத்தால் வாடிக்கையாளர்கள் முறைக்கிறார்கள். போன மாதம் ஒரு அம்மா, "மறுபடி அடைச்சிக்கும்னு இப்பவே எழுதிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இதர என்பது வேலையும் இல்லை, சாமானும் இல்லை. அதை விட்டுவிடுங்கள் மச்சான். வேண்டுமானால் அந்த 340 தர வேண்டாம்.

உங்கள் தங்கை குளித்து முடித்ததும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 18

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கட்டத்தை அளந்தேன். அகலம் பதினெட்டு மில்லிமீட்டர். அதில் தள்ளுபடி தாராளமாக அடங்கும். யானை எழுதினால் அடங்காது.

எனக்குக் காது மந்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் தன் சம்பளத்தைச் சேர்த்து வைத்து வாங்கிக் கொடுத்த காது மிஷின் பஸ்ஸில் தொலைந்துபோனதும் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருந்துகொண்டு, பாவம், இன்னொன்றுக்குச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறாள். அதைக் குத்திக் காட்டும் விதமாக வாசலில் நடந்ததை நாடகமாக எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பில் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக ஒன்று வைத்திருக்கிறேன்.

எங்கள் பில் எண் 11208
தங்கியது, மூன்று நாள்: 600
சாப்பாடு, ஒன்பது வேளை: 900
துண்டு ஒன்று (இனி யாருக்கும் ஆகாது): 150
குழாய்க் கதைகள் கேட்டது, மூன்று மாலை: 300
மாப்பிள்ளை முறுக்கு தாங்கியது: 300
மொத்தம்: 2250

உங்கள் தொகையும் அதுவே என்பது தற்செயல்.

இதில் இதர இல்லை என்பதைக் கவனிக்கவும். ஒவ்வொரு வரிக்கும் பொருள் உண்டு. முறுக்குக்கு மட்டும் விளக்கம் வேண்டுமென்றால் தருகிறேன்: இரண்டாம் நாள் உங்களுக்கு இரண்டாவது டம்ளர் காப்பி கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

340ஐ விட்டுவிடச் சொல்கிறீர்கள். நான் பிச்சை கேட்கவில்லை. விளக்கம் கேட்கிறேன். என் வீட்டுக் குழாயில் எனக்குத் தெரியாமல் என்ன இதர? இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என் மனைவி கேட்கிறாள். என் தங்கை கேட்கிறாள். உங்கள் பதிலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கப்போகிறேன். என் வீட்டில் மறைக்க எதுவும் கிடையாது.

மச்சான்


மார்ச் 21
வீட்டு முகவரிக்கு

மச்சானுக்கும் மேசையில் உள்ள மற்றவர்களுக்கும்,

மாதிரி பில் வந்தது. தேதி இல்லை. கெடு இல்லை. உங்கள் தங்கையிடம் காட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள்.

சாப்பாடு ஒன்பது வேளை இல்லை, எட்டு. இரண்டாம் நாள் மதியம் தோள்வரை குழாய்க்குள் இருந்தேன். அக்கா மாவுக்கட்டோடு வந்து, "இடது கையால ஊட்டி விடட்டுமா தம்பி?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். துண்டு ஒப்புக்கொள்கிறேன். முறுக்கு எத்தனை என்று எண்ணிக்கை போடவில்லை. அந்தக் காப்பியில் எறும்பு இருந்தது. நான் முகத்தைத் திருப்பியது எறும்பிடமிருந்து.

இதர என்றால் இதர. அதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 21
அச்சக முகவரிக்கு. நீங்களே பிரிக்கவும்.

மச்சான்,

அச்சு மிஷினை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

அடைத்தது முடி இல்லை. சோப்பும் இல்லை. எல்போவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலுறை. சாம்பல் நிறம். கட்டைவிரல் இடத்தில் பச்சை நூலால் தைத்திருந்தது. அந்த ஜோடியில் மிச்சம் இருந்த ஒன்று உங்கள் வீட்டுக் கொடியில் தனியாகத் தொங்கியது.

காலுறைக்குள் காது மிஷின்.

அந்த நேரம் பார்த்து அக்கா குளியலறை வாசலில் வந்து நின்றார்கள். "என்ன தம்பி கிடைச்சுது?" கைக்குள் பொத்திக்கொண்டேன். "முடிதாங்க்கா." அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "என் முடியா? அப்ப நானே அடைச்சு நானே வழுக்கி விழுந்தேனா?" எல்லோர் முடியும்தான் என்று சமாளித்தேன். நம்பியதாகத் தெரியவில்லை. நீங்கள் வேறு பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், குளிக்கும்போது பின்னி முடின்னு" என்றீர்கள்.

ஊர் வந்ததும் முதல் வேலையாக அதைக் காது மிஷின் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காய வைத்து, சுத்தம் செய்து, பேட்டரி போட்டுப் பார்த்தார். கூலியோடு 340. பிறகு தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேச்சு கேக்காது சார். விசில் மட்டும் வரும்." உள்ளே ஒரு பாகம் மாற்றினால் பேச்சும் வரலாமாம்.

இது பஸ்ஸில் தொலைந்ததா, வேறு எப்படியாவதா என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. உங்கள் தங்கையிடமும் இல்லை. முடி என்று வாய் அவசரத்தில் சொல்லிவிட்டது. அதைத் தாளில் எழுத மனம் வரவில்லை. அதனால் இதர.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 25
வீட்டிலிருந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பில்லை மறுபடி பொறுமையாகப் படித்தேன். இதர என்பது தொழில்முறைச் சொல். மிகத் தெளிவாக இருக்கிறது. மேசையில் படிக்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உறவுக் கழிவும் நல்ல தமிழ்தான்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 25
அச்சகத்திலிருந்து

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐந்நூறு தாள் நசுங்கியது.

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மகள் வந்தபோது தன் கையாலேயே மாட்டிவிட்டாள். "கேக்குதாப்பா?" என்றாள். கேட்டது. அவள் குரல் அவ்வளவு மெல்லியது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று முழுக்கச் சந்தோஷம்.

மறுநாளிலிருந்து மற்றதெல்லாம் கேட்டது. மின்விசிறி. செருப்பு. என் பல் மெல்லும் சத்தம். இத்தனை சத்தத்துக்கு நடுவிலா எல்லோரும் சாதாரணமாக இருக்கிறீர்கள்? அச்சகத்துக்கு வேலை கொடுக்க வந்த ஒருவன் தன் கூட்டாளியிடம் சொன்னான்: "கிழவனுக்குக் காது கேக்காது. இன்னும் கொறைச்சுக் கேளு." கிழவன் யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டில்தான் முடியவில்லை.

என் மனைவி சமைக்கும்போது உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். உங்களுக்கே தெரியும். இருபத்தாறு வருஷமாக அதைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன், அவள் பாடிக்கொண்டே சமைப்பாள் என்று.

பாட்டு இல்லை மாப்பிள்ளை. நான்.

"சொன்னதக் கேட்டாத்தானே. சுவத்துக்கிட்ட சொன்னா அதாச்சும் நின்னு கேக்கும். சட்டையை அவுத்தா அவுத்த எடத்துல. பேரு மட்டும் பெரிய அச்சாபீஸ்காரரு." சரணம், பல்லவி எல்லாம் இருந்தது. மூன்று நாள் கேட்டேன். ஒரு நாள் பாடியது மறுநாள் வரவில்லை. அவ்வளவு சரக்கு.

நான்காம் நாள் குளியலறைக்குள் போய்க் கழற்றினேன். கையில் வைத்தால் எனக்கே கேட்கும்படி விசில் அடித்தது. சட்டைப் பைக்குள் போட்டாலும் அடித்தது. காலுறையைக் கழற்றி அதற்குள் திணித்தேன். அப்போதும் அடித்தது. வெளியே அவள், "என்ன சத்தம் அது?" என்று கதவோரம் வந்து கத்தினாள். கடைசியாகத் தெளிவாகக் கேட்டது அதுதான். சல்லடையைத் தூக்கினேன்.

அது அங்கேயே நின்றுவிடும் என்று தெரியாது. தண்ணீர் தேங்கும், அவள் வழுக்கி விழுவாள் என்று சத்தியமாகத் தெரியாது. அவள் கைக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்க்கிறேன்.

ஒரு உதவி. நான் இதரவைப் புகழத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சந்தேகம் அதிகமாகிவிட்டது. திருத்திய பில் ஒன்று அனுப்புங்கள். இதர என்ற இடத்தில் "மர வேர் வெட்டியது" என்று போடுங்கள். எங்கள் வீட்டில் மரம் இல்லைதான். பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதை மேசையில் படித்துவிட்டு, என் தங்கையைச் சமாதானம் செய்து, கட்டுப் பிரித்த மறுநாளே அனுப்பிவைக்கிறேன்.

மச்சான்


மார்ச் 29
அச்சக முகவரிக்கு

மச்சானுக்கு,

பக்கத்து வீட்டில் இருப்பது தொட்டிச் செடி. நான் பார்த்தேன்.

அது போகட்டும். திருத்திய பில் அனுப்ப முடியாது. சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது பொய். கடிதத்தில் அப்படி எழுதலாம். படிப்பவருக்கும் தெரியும். பில்லில் கார்பன் இருக்கிறது. வெள்ளை உங்களுக்கு, ரோஸ் எனக்கு, மஞ்சள் புத்தகத்துக்கு. ஒரு பொய் எழுதினால் மூன்று நிறத்தில் நிற்கும். சொல்லாமல் இருக்க என்னால் முடியும். அதற்குத்தான் ஒரு வரி ஒதுக்கினேன். இல்லாததைச் சொல்ல முடியாது.

உங்கள் தங்கை நேற்று அவளாகவே கூப்பிட்டாள். இருபத்தைந்து நாளில் முதல் தடவை.

"இதரன்னா என்ன?"

"இதரன்னா இதர."

"எங்கிட்டயுமா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அண்ணன் மூணு நாளா உங்களைத் தலைமேல வெச்சு ஆடறாரு. உங்க கையெழுத்து அழகுங்கிறாரு. ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ பண்ணியிருக்கீங்க. சொல்லுங்க, கட்டுப் பிரிச்ச அன்னிக்கே பஸ் ஏர்றேன். சொல்லலைன்னா இங்கதான்."

உப்பு கிடைத்துவிட்டது மச்சான், ஆனால் அது உப்பு இல்லை, சலவை சோடா. நேற்று முழுக்க வயிறு சரியில்லை. அப்படியிருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இன்னொன்று. வைப்பதற்கு முன் அக்காவும் பேசினார்கள். "தம்பி, ஞாயித்துக்கெழம முடிய வெட்டிக்கலாம்னு இருக்கேன். தோளோட. உங்க பொண்டாட்டி வெட்டிவிடறேன்னுட்டா. மறுபடி அடைச்சு, மறுபடி யாராச்சும் விழுந்து... எதுக்கு?" வேண்டாம் என்றேன். "முடிதான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்கள்.

அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. ஞாயிறு ஏப்ரல் 3. கெடு என்று போடுவதானால் அதுதான்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று.

கூடத்தில் நாற்காலி. அதில் என் மனைவி, தோளில் பழைய துணி, மடியில் கைக்கட்டு. பின்னால் என் தங்கை, ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கத்தரிக்கோல். என் அச்சகத்திலிருந்து எடுத்து வந்த தாள் வெட்டும் கத்தரிக்கோல். நான் வாசலில்.

பில்லை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒன்றாவது வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். அடைப்பு எடுத்தது, ஆயிரத்து இருநூறு. எல்போ, எண்ணூற்று அறுபது. வாஷர், நூறு. "இப்ப எதுக்குண்ணே இது?" என்று தங்கை கத்தினாள். நான் நிறுத்தவில்லை.

"இதர. காலுறை ஒன்று. காது மிஷின் ஒன்று. புருஷன் ஒருத்தன்."

சீப்பு கீழே விழுந்தது. எனக்கே கேட்டது.

மிச்சத்தையும் சொன்னேன். பஸ் இல்லை என்று சொன்னேன். பாட்டு என்று நினைத்ததைச் சொன்னேன். அந்தச் சரணத்தில் எனக்கு நினைவிருந்த இரண்டு வரியைப் பாடியும் காட்டினேன். கையைப் பார்த்துச் சொன்னேன். இந்தத் தடவை வேறு பக்கம் பார்க்கவில்லை.

என் மனைவி எழுந்தாள். துணியை உதறி மடித்தாள். சமையலறைக்குப் போனாள். எனக்கு முதுகைக் காட்டி அடுப்பு முன்னால் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். நீளமாக. மூச்சு விட்டு மறுபடி சொன்னாள்.

"ஆ?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். அதை மட்டும் திரும்பி நின்று, எனக்குக் கேட்கும்படி.

என் தங்கை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என்ன சொன்னாள் என்று அவளிடம் கேட்டேன். "அண்ணிகிட்டயே கேளுங்க" என்றாள். அண்ணியிடம் கேட்டேன். மறுபடி ஒன்றுமில்லை.

சாயங்காலம் காப்பி வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. அதனால் ரொம்பக் கெட்டதாக இருக்காது. ஆனால் டம்ளரை வைத்த சத்தம், கை மேசையில் இருந்ததால் தெரிந்தது, பலமாக இருந்தது. அதனால் ரொம்ப நல்லதாகவும் இருக்காது. நேற்று முதல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு விசிட்டிங் கார்டைத் தலைகீழாக அடித்துவிட்டேன்.

முடி அப்படியே இருக்கிறது. மகளுக்கும் எழுதிப் போட்டாயிற்று. அவள் என்ன சொல்வாளோ, அதைத் தாளிலாவது படிக்கலாம்.

2500 முழுதாக அனுப்பியிருக்கிறேன். கழிவு வேண்டாம். உறவைச் சதவீதத்தில் போட்டால் மிச்சம் தொண்ணூறு எங்கே என்று ஒரு நாள் யாராவது கேட்பார்கள். என் பில் 11208 ரத்து. முறுக்கு மட்டும் நிலுவையில் இருக்கட்டும்.

புதுப் பில் புத்தகத்துக்கு ப்ரூஃப் வைத்திருக்கிறேன். கட்டத்தை ஆறு மில்லிமீட்டர் அகலப்படுத்தியிருக்கிறேன். யானைக்கும் அடங்கும். "மீண்டும் வருக" எடுத்தாயிற்று. அந்த இடத்தில் "எங்களை மறுபடி அழைக்க நேராது" என்று போட்டிருக்கிறேன். நான்காவது வரியில் இதர என்று அச்சிலேயே இருக்கும். பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

கட்டு நாளை பிரிக்கிறார்கள். தங்கை நாளை மறுநாள் பஸ் ஏறுகிறாள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கடைக்காரர் ஏதோ பாகம் மாற்றலாம் என்றாரே, மாற்றச் சொல்லுங்கள். எவ்வளவு ஆனாலும் சரி. முறையாக பில் போட்டு அனுப்புங்கள். விசில் அடித்தாலும் பரவாயில்லை. மூன்று நாள் கேட்டதற்கே தூக்கிப் போட்டவன் நான். இப்போது அவள் அடுப்பு முன்னால் என்ன சொன்னாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 9

அன்புள்ள மச்சானுக்கு,

பணம் வந்தது. ரசீது வைத்திருக்கிறேன். 250ஐத் திருப்பி அனுப்பச் சொல்லி உங்கள் தங்கை நிற்கிறாள். எந்தத் தலைப்பில் அனுப்புவது என்று தெரியாததால் அனுப்பவில்லை.

அவள் வந்துவிட்டாள். வந்ததும் சமையலறையைப் பார்த்தாள். சலவை சோடா டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உண்மையாகவே குளிக்கப் போனாள்.

ப்ரூஃப் சரியாக இருக்கிறது. நம்பர் இன்னும் கொஞ்சம் சாய்கிறது. அப்படியே இருக்கட்டும்.

பாகம் மாற்றியாயிற்று. கடைக்காரர் என் காதில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் ஏதோ சொன்னார். கேட்டது. வியாழக்கிழமை நேரில் கொண்டு வருகிறேன். காலுறையையும் துவைத்து வைத்திருக்கிறேன். அதற்குக் கூலி இல்லை.

அக்கா சொன்னதை உங்கள் தங்கை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது மறுபடி சிரிப்பு வந்து இரண்டு தடவை நிறுத்தினாள். மூன்றாவது தடவை சிரிப்பில்லாமல் நிறுத்தினாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அக்காவின் உத்தரவாம். நீங்களே மிஷினை மாட்டிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் போய் நின்றால், மறுபடி சொல்வதாக இருக்கிறார்களாம்.

நல்லதா, கெட்டதா என்று கேட்பீர்கள். எந்தக் கட்டத்தில் போடுவதென்று நானும் யோசித்தேன். நீங்கள் அகலப்படுத்தியதிலும் அடங்காது. மச்சான், அது இதர.

உங்கள் மாப்பிள்ளை